ஈஸ்ட்ரோஜனும் ஸ்டீராய்டுதானே? அப்புறம் ஏன் ஒன்று எலும்பைக் காக்கிறது, இன்னொன்று அரிக்கிறது?

கேள்வி: பிப்ரவரி 11, 2024

அம்மாவுக்கு 52 வயது. மாதவிடாய் நின்று 4 வருஷம் ஆகிறது. "ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது, அதனால் எலும்பு தேய்கிறது" என்றார் ஒரு மருத்துவர். முடக்குவாதத்துக்கு பிரெட்னிசலோன் 10 மி.கி. எழுதிக் கொடுத்த இன்னொருவர், "ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும், பால் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்" என்றார். ஈஸ்ட்ரோஜனும் ஸ்டீராய்டு ஹார்மோன் என்றுதான் பள்ளியில் படித்தேன். ஒரே குடும்பத்தில் ஒன்று இல்லாமல் போனால் எலும்பு போகிறது, இன்னொன்று உள்ளே வந்தால் எலும்பு போகிறது என்றால் எப்படி? இருவரில் ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 11, 2024, இரவு 10.40

இருவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு என்பது ஒரு வடிவத்தின் பெயர். கொழுப்பிலிருந்து, அதாவது கொலஸ்டிராலிலிருந்து, உடல் செய்துகொள்ளும் நான்கு வளையச் சட்டகம் அது. ஒரே மாவில் இட்லியும் ஊற்றுகிறோம், தோசையும் வார்க்கிறோம். அதுபோல அந்தச் சட்டகத்தில் அங்கங்கே ஓர் ஆக்சிஜன், ஒரு கார்பன் மாறினால் கார்ட்டிசால், ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்), டெஸ்டோஸ்டீரோன், ஆல்டோஸ்டீரோன் என்று ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் செல்லுக்குள் தனி ஏற்பி, அதாவது அது போய்ப் பொருந்தும் புரதம், உண்டு. கொழுப்பில் கரைவதால் இவை செல் சவ்வைச் சுலபமாகக் கடந்து உள்ளே போகும். அங்கே தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவில் சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். எதை முடுக்கும், எதை அடக்கும் என்பது ஏற்பியையும் அது எந்த செல் என்பதையும் பொறுத்தது. ஸ்டீராய்டு என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நான் 4 வருஷம் எலும்பு செல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். சுருக்கமாகச் சொன்னால், கார்ட்டிசால் வகை (பிரெட்னிசலோன் இதில் சேர்ந்தது) எலும்பைத் தின்னும் செல்களைப் பெருக்குகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைக்கிறது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, 2024, காலை 5.15

தூக்கம் வரவில்லை. "அவ்வளவுதான்" என்று எழுதியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஹார்மோன் நேரே போய் எலும்பு தின்னும் செல்லை உசுப்புவதுபோல எழுதிவிட்டேன். பாதிக்கு மேல் வேலை அப்படி நடப்பதில்லை.

எலும்பை அரிப்பது ஆஸ்டியோகிளாஸ்ட். எலும்பைக் கட்டுவது ஆஸ்டியோபிளாஸ்ட். முன்னதைச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் மாதுளைச் சாறு சிந்தியதுபோல இருக்கும். பெரிய செல், ஓரம் கந்தல், உள்ளே ஐந்து, பத்து உட்கருக்கள் குவிந்து கிடக்கும். மூன்று உட்கருவாவது இருந்தால்தான் கணக்கில் சேர்ப்போம். அது எலும்பின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து விளிம்பை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அடியில் அமிலத்தை விட்டு சுண்ணாம்பைக் கரைக்கும், கேத்தெப்சின் கே என்ற நொதியால் புரதத்தை அறுக்கும். பல் டென்டைனை மெல்லிய வில்லையாகச் சீவி அதன் மேல் இவற்றை வளர்ப்போம். ஒரு வாரம் கழித்துச் செல்களைத் துடைத்து நீலச் சாயம் ஏற்றினால் குழி குழியாகத் தெரியும், கறையான் அரித்த பலகைபோல.

இந்தச் செல் தானாக உருவாவதில்லை. 1981ல் ரோடானும் மார்ட்டினும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: எலும்பை அரிக்கச் சொல்லும் ஹார்மோன்கள் முதலில் எலும்பு கட்டும் செல்லிடம்தான் பேசுகின்றன, அதுதான் அரிக்கும் செல்லுக்குச் செய்தி சொல்கிறது. கட்டுகிறவனிடம் போய் இடிக்கச் சொல்வதா என்று கேட்கத் தோன்றும். 1988ல் ஜப்பானில் சூடாவின் குழு எலியின் மண்ணீரல் செல்லையும் ஆஸ்டியோபிளாஸ்ட் வகைச் செல்லையும் ஒன்றாக வளர்த்துக் காட்டியது. இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாகிறது. நடுவே ஒரு சவ்வுத் தடுப்பு வைத்தால் உருவாவதில்லை.

தொட்டுச் சொல்லும் அந்தச் செய்திதான் ரேங்க்-எல் என்ற புரதம். அது அரிக்கும் செல்லின் முன்னோடியிலுள்ள ரேங்க் ஏற்பியில் பொருந்தினால் "வளர், ஒன்றுசேர், அரி" என்று அர்த்தம். அதே ஆஸ்டியோபிளாஸ்ட் ஆஸ்டியோப்ரோடெஜெரின் என்ற இன்னொரு புரதத்தையும் விடுகிறது. அது ரேங்க்-எல்லை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். 1997ல் அமெரிக்காவில் ஆம்ஜென் ஆய்வாளர்களும் ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் ஆய்வாளர்களும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்னோ பிராண்ட் ஒரு பால் கம்பெனி!

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கார்ட்டிசால் வகை ரேங்க்-எல்லைக் கூட்டி ஆஸ்டியோப்ரோடெஜெரினைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. தராசு ஒன்றுதான். ஒன்று ஒரு தட்டில் எடை வைக்கிறது, மற்றது எதிர்த் தட்டில் வைக்கிறது.

பிப்ரவரி 12, 2024, மாலை

ஈஸ்ட்ரோஜன் பற்றி இன்னும் கொஞ்சம். மாதவிடாய் நின்ற பெண்களின் முதுகெலும்பு நொறுங்குவதை 1941ல் விரிவாக எழுதியவர் பாஸ்டன் நகரத்து ஃபுல்லர் ஆல்பிரைட். ஈஸ்ட்ரோஜன் எலும்பு கட்டுவதைத் தூண்டுகிறது, அது போனால் கட்டும் வேலை நின்றுபோகிறது என்று நினைத்தார். நோயைச் சரியாகப் பிடித்தார், ஆனால் காரணம் பிசகிவிட்டது. பிறகு அளந்து பார்த்ததில் கட்டும் வேலை கூடத்தான் செய்திருந்தது, அரிக்கும் வேலை அதைவிட அதிகமாகக் கூடியிருந்தது. ஈஸ்ட்ரோஜன் இருந்தால் ஆஸ்டியோகிளாஸ்ட் தன் வேலை முடிந்ததும் சாகும். இல்லாவிட்டால் சாகாமல் இருந்து இன்னும் ஆழமாகத் தோண்டும். ஒரு குழியைத் தோண்ட இரண்டு மூன்று வாரம், அதை நிரப்ப மூன்று நான்கு மாதம். இந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்தாலே தெரியும்.

பிப்ரவரி 14, 2024

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். கேள்வி கேட்டவரின் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே மாத்திரை என்பதால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 2011ல் முடக்குவாதம் வந்தது. காலையில் விரலை மடக்க முடியாது. பால் பாக்கெட்டை வெட்டக்கூட என் தம்பியைக் கூப்பிடுவார். பிரெட்னிசலோன் தொடங்கிய நாலாவது நாள் தானே மாவு கரைத்துத் தோசை ஊற்றினார். எங்கள் வீட்டில் அந்த மாத்திரைக்குக் கோயில் கட்டாத குறை. இரண்டு வருஷம் தினமும் 10 மி.கி., சில மாதம் 15. எழுதிக் கொடுத்த மருத்துவமனையில் ஒருமுறைகூட எலும்பு அடர்த்தி பார்க்கச் சொல்லவில்லை. கால்சியம், வைட்டமின் டி பேச்சே கிடையாது.

அந்த இரண்டு வருஷமும் நான் ஆய்வகத்தில் டெக்ஸாமெத்தசோன் கரைசலைத் தட்டுகளில் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். அதே குடும்பத்து மருந்துதான். ஆஸ்டியோகிளாஸ்ட் எண்ணிக்கை கூடுவதை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் அம்மாவின் மாத்திரைப் பட்டையை நானே வாங்கிக் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

2013 ஆடி மாதம் முக்கால் வாளித் தண்ணீரைத் தூக்கினார். முதுகில் "டக்" என்று ஏதோ. எக்ஸ்ரேயில் 12ஆவது மார்பு முள்ளெலும்பின் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டிருந்தது. மேலும் கீழும் செங்கல்போல எலும்புகள், நடுவே ஒன்று மட்டும் ஆப்பு வடிவத்தில். அதற்கு முன்பே ஓர் அறிகுறி இருந்தது. மேல்தட்டிலிருந்த புளிச் சட்டி எட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார், கை வலி என்று நாங்கள் விட்டுவிட்டோம். சிறுவயதில் எங்கள் உயரத்தைக் குறித்த வாசக்காலில் அம்மாவுக்கும் ஒரு பென்சில் கோடு உண்டு. நிறுத்தி அளந்தால் 4 செ.மீ. கீழே நிற்கிறார். "நான் ஒண்ணும் குறையலை கண்ணு, வாசக்கால்தான் வளந்திருச்சு" என்றார். அன்று அவரோடு சேர்ந்து சிரித்தேன். ராத்திரி அழுதேன்.

பிப்ரவரி 15, 2024

"எலும்பு தேய்மானம்" என்ற சொல்லையே விட்டுவிடலாம். முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்வதற்கும் அதையே சொல்கிறோம், இதற்கும் அதையே சொல்கிறோம். இரண்டும் வேறு நோய், வேறு மருந்து. எலும்புப்புரை என்பதுதான் இதற்குச் சரியான பெயர். புரையோடிப்போவது என்கிறோமே, அதேதான் உள்ளே நடக்கிறது.

பிப்ரவரி 17, 2024

"ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் கிடையாது, அப்படியானால் ஆண் எலும்பை எது காக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஆணுக்கும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. டெஸ்டோஸ்டீரோனில் ஒரு பகுதியை அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது.

1994ல் அமெரிக்காவில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பின் வயது 15. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டுகள் மூடவே இல்லை, கூடவே எலும்புப்புரை. அவருடைய டெஸ்டோஸ்டீரோனில் குறை இல்லை. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனும் நிறைய ஓடியது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது. தபால் வந்துகொண்டே இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. ஆய்வகத்தில் இந்தக் கட்டுரையை வாசித்த அன்று, அதுவரை ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்று படித்துவைத்ததெல்லாம் கலைந்துபோனது.

பிப்ரவரி 18, 2024

ஜிம் ஸ்டீராய்டு பற்றிக் கேட்ட தம்பிக்கு: அது டெஸ்டோஸ்டீரோன் வகை, பிரெட்னிசலோன் இல்லை. எலும்பைப் பிரெட்னிசலோன்போல அரிக்காது. ஆனால் உன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். இன்னும் வளர்கிற வயது என்றால், மேலே சொன்ன அரோமட்டேஸ் வழியாக ஈஸ்ட்ரோஜனாக மாறி வளர்ச்சித் தட்டைச் சீக்கிரமே மூடிவிடும். வேண்டாம்.

பிப்ரவரி 20, 2024

என் அம்மா கதையைப் படித்துவிட்டு இருவர் "மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சில வாரத்துக்கு மேல் சாப்பிட்டவருக்கு அட்ரினல் சுரப்பி ஓய்ந்துபோயிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

இந்த மருந்து செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். 1948 செப்டம்பர் 21ஆம் தேதி மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுத்துக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டார் (உடம்புக்குள் அது கார்ட்டிசாலாக மாறி வேலை செய்யும்). சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல். ஆனால் இதே குடும்பம் எலும்பை என்ன செய்யும் என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1932ல் ஹார்வி குஷிங், உடலே இந்த ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்த நோயாளிகளை வர்ணித்தபோது முதுகு கூனி எலும்பு மெலிந்ததையும் குறித்திருந்தார்.

அந்த நாலாவது நாள் தோசையை நான் மறக்கவில்லை. அம்மாவுக்கு அந்த மாத்திரை தேவைப்பட்டது. அதோடு கூடவே எலும்புக்கும் காவல் போட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 23, 2024

இன்னொரு திருத்தம், இது பெரியது. 12ஆம் தேதி தராசு என்று எழுதினேன். ரேங்க்-எல் கதை கார்ட்டிசால் வகைக்கு ஆரம்ப மாதங்களில்தான் பெரிய அளவில் பொருந்தும். நீண்ட நாள் சாப்பிட்டவர்களிடம் முக்கியச் சேதம் கட்டும் பக்கத்தில். 1998ல் வைன்ஸ்டைன், மனோலகாஸ் குழு எலிகளுக்குப் பிரெட்னிசலோன் கொடுத்துப் பார்த்தது. ஆஸ்டியோபிளாஸ்ட்கள் குறைவாகப் பிறந்தன, பிறந்தவையும் சீக்கிரம் செத்தன. எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட்களும் செத்தன. ஆஸ்டியோசைட்தான் எங்கே விரிசல் என்று பார்த்துச் சொல்லும் காவலாள். காவலாளே போய்விட்டால் அடர்த்தி அளவு ஓரளவு நன்றாக இருக்கும்போதே எலும்பு உடையும். ஈஸ்ட்ரோஜன் இழப்பில் இடிப்பவர்கள் அதிகம். இதில் கொத்தனார்களே இல்லை.

என்னைப் பல வருஷம் குழப்பியது ஒன்று உண்டு. ஆய்வகத் தட்டில் எலும்பு செல் வளர்க்க நாங்கள் சேர்க்கும் கரைசலிலேயே டெக்ஸாமெத்தசோன் இருக்கும், லிட்டருக்கு ஒரு மோலில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அது இருந்தால்தான் குருத்தணு (ஸ்டெம் செல்) ஒழுங்காக ஆஸ்டியோபிளாஸ்டாக முதிரும். உடம்பில் அதே மருந்து அதே செல்லைக் கொல்கிறது. உடம்பு தானே சுரக்கும் அளவு கார்ட்டிசால் எலும்பு முதிர வேண்டியிருக்கிறது, நாள் முழுக்க அதற்கு மேல் ஊற்றினால் கெடுக்கிறது என்றுதான் இப்போது புரிந்துகொள்கிறேன். அளவும் கால நீளமும்தான் விஷயம்.

பிப்ரவரி 24, 2024

வைட்டமின் டி-யும் ஸ்டீராய்டுதானே என்றவருக்கு: ஒரு வளையம் உடைந்த ஸ்டீராய்டு. ஏற்பி அதே பெரிய குடும்பம்தான்.

பிப்ரவரி 27, 2024

"ஸ்டீராய்டுக்குப் பதில் அதிமதுரம் சாப்பிடலாமா?" வேண்டாம். ஏன் என்பது இங்கே சொல்ல வேண்டிய விஷயம்தான்.

சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் ஏற்பி ஆல்டோஸ்டீரோனுக்கானது. கார்ட்டிசாலும் அதில் அப்படியே பொருந்தும், ரத்தத்தில் அதுதான் பல மடங்கு அதிகம். அதனால் அந்த செல் வாசலிலேயே ஒரு நொதியை வைத்துக் கார்ட்டிசாலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. அதிமதுரத்தின் இனிப்புப் பொருள் அந்த நொதியை அடக்கிவிடும். பிறகு கார்ட்டிசால் தாராளமாக நுழைந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். தொண்டைக்கு ஒரு துண்டு என்றைக்கோ மென்றால் ஒன்றுமில்லை. தினமும் கஷாயம் என்றால் ஆபத்து, அதிலும் பிரெட்னிசலோன் சாப்பிடுபவருக்கு.

இதே நொதியை எலியின் எலும்பு கட்டும் செல்லுக்குள் மரபணு வழியாகப் புகுத்தி 2004ல் பார்த்தார்கள். ஸ்டீராய்டு கொடுத்தும் அந்தச் செல்கள் அவ்வளவாகச் சாகவில்லை, எலும்பின் பலமும் காப்பாற்றப்பட்டது. மருந்து குடல் வழியாகவோ வேறு சுரப்பி வழியாகவோ மட்டும் எலும்பைக் கெடுக்கவில்லை, அந்த செல்லுக்குள்ளேயே நுழைந்துதான் கெடுக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

மார்ச் 3, 2024

வீக்கத்தை அடக்கும் குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு எலும்பைக் கெடுக்கும் குணத்தை நீக்க முடியாதா? ஆய்வகத்தில் நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் நம்பியது இது. கார்ட்டிசால் ஏற்பி இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஜோடியாக டிஎன்ஏவில் உட்கார்ந்து மரபணுக்களை முடுக்குவது ஒன்று. ஒற்றையாக நின்று, வீக்கத்தைக் கிளப்பும் பிற புரதங்களின் கையைப் பிடித்து அடக்குவது இன்னொன்று. ஜோடி சேர்வதால் பக்கவிளைவு, ஒற்றையால் நன்மை, ஆகவே ஒற்றையை மட்டும் தூண்டும் மருந்து செய்தால் போதும் என்று கணக்குப் போட்டோம். 2010ல் ஜெர்மன் குழு ஒன்று, ஏற்பிகள் ஜோடி சேர முடியாத எலிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது. எலும்பு கட்டும் வேலை அப்போதும் குறைந்தது. எலும்பைக் கெடுப்பதும் அந்த ஒற்றைதான். அந்தக் கட்டுரை வந்த வாரம் ஆய்வகத்தில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 5, 2024

விட்டுப்போனது: எல்லாமே மரபணு வழி இல்லை. அந்த வழி மணிக்கணக்கில் நடக்கும். சவ்வருகே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி சில நிமிடத்திலேயே செல்லுக்குள் வேறு சமிக்ஞைகளைத் தட்டிவிடுகிறது. எலும்பு செல் சாகாமல் இருப்பதற்கு இந்த வேகமான வழியே போதும் என்று 2001ல் மனோலகாஸ் குழு சொன்னது. எவ்வளவு தூரம் அது உடம்பில் உண்மை என்பதில் பெரிய விவாதம் நடந்தது. எனக்கு இரண்டு வழியும் வேண்டும் என்றே தோன்றுகிறது.

மார்ச் 9, 2024

கேள்வி கேட்டவர் "சரி, நான் மருத்துவரிடம் என்ன கேட்பது?" என்கிறார். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நான்தான் செல்லுக்குள் போய்விட்டேன்.

பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டீராய்டு நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2000ல் ஒரு ஆய்வு வந்தது. தினமும் 7.5 மி.கி. அல்லது அதற்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு முதுகெலும்பு முறிவு ஏறக்குறைய 5 மடங்கு. 2.5 மி.கி.க்குக் கீழேகூடக் கொஞ்சம் அதிகம்தான். அபாயம் முதல் சில மாதத்திலேயே ஏறிவிடுகிறது, மருந்தை நிறுத்தினால் இறங்கவும் செய்கிறது. அதனால் "ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம்" என்பது சரியில்லை. மூன்று மாதத்துக்கு மேல் மாத்திரை இருக்கும் என்று தெரிந்த அன்றே கேளுங்கள்: எலும்பு அடர்த்தி ஸ்கேன் எப்போது, வைட்டமின் டி அளவு என்ன, எலும்புக்கு மருந்து வேண்டுமா, மெத்தோட்ரெக்சேட் போன்ற வேறு முடக்குவாத மருந்தைச் சேர்த்து ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா. உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். அதற்குக் காசு ஆகாது. பால் நல்லதுதான், பால் மட்டும் போதாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி பற்றி இன்னொருவர் கேட்டார். மேலே சொன்ன ரேங்க்-எல்லைப் பிடித்துவைக்கும் எதிர்ப்புரதம் அது. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தேதி தவறக்கூடாது. நடுவில் நிறுத்தினால் அடக்கி வைத்த அரிப்பு மொத்தமாகத் திரும்பி, முள்ளெலும்புகள் வரிசையாக உடைந்தவர்கள் உண்டு.

மார்ச் 30, 2024

கேள்வி கேட்டவருக்கு: அம்மாவின் எலும்பு அடர்த்தி ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.7 என்று எழுதியிருக்கிறீர்கள். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. எலும்பு அரிப்பைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒருமுறை 70 மி.கி. தொடங்கியது நல்லது. இன்னும் எதுவும் உடையவில்லை, அது பெரிய விஷயம்.

மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீரில் விழுங்கச் சொல்லுங்கள். காபி கூடாது. அடுத்த அரை மணி நேரம் படுக்கக்கூடாது, மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகும். என் அம்மா இதை 5 வருஷம் சாப்பிட்டார். அரை மணி நேரம் எதற்கு வீணாக என்று முதல் மாதம் வாசல் தெளித்துக் கோலம் போட்டார். நெஞ்செரிச்சல் வந்தது. உடைந்த முதுகோடு குனியவும் கூடாது என்று மருத்துவர் அதட்டினார். அன்றிலிருந்து கோலம் தம்பி மனைவி கைக்குப் போனது. மாத்திரையை நிறுத்தி 5 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் காலையில் அம்மா வாசக்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, ஊடுபுள்ளி எத்தனை, நேர்ப்புள்ளி எத்தனை என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.